நாற்பது நாட்டாமையும் ஒரு கூடைப் புளியங்கொட்டையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் பக்கத்து நாட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். புதிதாய் ஒரு பெரிய ஏரி வெட்டிய பெருமை அந்த ராஜாவுக்குத் தலைக்கேறியிருந்தது. அந்தத் தண்ணீருக்காக நாற்பது ஊர்கள் அவர் நாட்டில் சேர வந்தன. ராஜா ஒரு விதி போட்டார். ஒவ்வொரு நாட்டாமையும் உப்பரிகைக்குக் கீழே நின்று தன் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். ராஜா தம் காதால் கேட்டு அதைத் திருப்பிச் சொன்னால்தான் அந்த ஊருக்கு மதகு திறக்கும்.

முதல் நாள் முரசு அடித்ததும் நாற்பது பேரும் ஒரே மூச்சில் கத்தினார்கள். ராஜாவுக்கு எருமை தும்மிய மாதிரி கேட்டது. அவர் எதைத் திருப்பிச் சொல்வார், பாவம்? பதில் வரவில்லை என்று நாற்பது பேரும் மறுபடி கத்தினார்கள், இன்னும் பலமாக. மாலைவரை இதே கூத்துதான்.

மறுநாள் தளவாய் மகுடேசர் பட்டியலோடு வந்தார். முதல் பெயரைப் படித்தாரோ இல்லையோ, மற்ற முப்பத்தொன்பது பேரும், "அவன் எங்களுக்கு முன்னாடியா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் கெஞ்சிக் கூட்டி வந்த ராஜா கடுப்பில் ஆணையிட்டார்.

"இனி ஒருவரை முன்னே என்றும் ஒருவரைப் பின்னே என்றும் எவன் வாய் சொல்கிறதோ, அவன் தலை உடம்பில் இராது."

விகடகவி சாரங்கன்மேல் தளவாய்க்கு வெகுநாள் பொறாமை. "அரசே, இந்தப் பொறுப்பு சாரங்கனுக்கே தகும். நாளை மாலைக்குள் நாற்பது பெயரும் தங்கள் செவியில் விழாவிட்டால் அவரைக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம்" என்றார். வரிசை சொன்னால் தலை, சொல்லாவிட்டால் கழுதை. சபை முழுக்க நமட்டுச் சிரிப்பு.

மறுநாள் காலை சாரங்கன் மடைப்பள்ளிப் பக்கம் போனான். அங்கே புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள். குவிந்து கிடந்த கொட்டையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நாட்டாமைகள் நடுவே வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் அள்ளச் சொன்னான்.

"எவ்வளவு அள்ளணும்?" என்று ஒரு மீசைக்கார நாட்டாமை கேட்டார்.

"உங்க இஷ்டம்ங்க. ஒவ்வொரு முரசுக்கும் ஒரு கொட்டையைக் கீழே போடுங்க. கை காலியானதும் ஊர்ப் பேரைச் சொல்லுங்க. ராஜா திருப்பிச் சொல்லலைன்னா யாரோடவோ முட்டிக்கிட்டீங்கன்னு அர்த்தம். கண்ணை மூடிக்கிட்டு, முன்னைவிடப் பெரிசா அள்ளிட்டு வாங்க."

நாற்பது பேரில் பன்னிரண்டு பேர் படு சூட்டிகை. முந்திக்கொள்ள ஒரே ஒரு கொட்டை எடுத்தார்கள். முதல் முரசிலேயே பன்னிரண்டு ஊரும் மோதிக்கொண்டன. அசடு வழியத் திரும்பி வந்து, கண்ணை மூடிக் கை நிறைய அள்ளினார்கள்.

ஏழாவது முரசில் "ஆலங்கேணி" என்று ஒரே ஒரு குரல் கேட்டது. "ஆலங்கேணி" என்றார் ராஜா. அவருக்கே உடல் சிலிர்த்தது. அங்கே மதகு திறந்தது. பிறகு பொட்டலூர், கீழ்மாவடி என்று மளமளவென்று வந்தன. சூரியன் சாயும்போது இரண்டு பேர்தான் பாக்கி. இருவரும் சம்பந்திகள். ஒருவர் கையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்து எண்ணி அதே அளவு அள்ளியதால் மூன்று தடவை முட்டிக்கொண்டார்கள். தளவாய் கழுதையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். சாரங்கன் ஓடிப்போய் இருவர் கண்ணையும் தன் மேல்துண்டால் கட்டிவிட்டான். அதன்பின் ஒருவர் ஆறாவது முரசிலும் மற்றவர் பதினொன்றாவது முரசிலும் பேர் சொல்லி முடித்தார்கள்.

தளவாய் பாய்ந்து வந்தார். "அரசே, முன்னும் பின்னுமாகத்தானே வந்தார்கள்? ஆணை மீறப்பட்டது."

"அப்படி வரவைத்தது புளியங்கொட்டை, அரசே. அதற்கு வாய் இல்லை. தலை எதுவென்று தளவாய் காட்டினால் வெட்டிவிடலாம்" என்றான் சாரங்கன்.

ராஜா மீசைக்காரரிடம், பிந்தி வந்ததில் வருத்தமா என்று கேட்டார். "நான் பிந்தலைங்க. என் கை பெரிசு, அவ்வளவுதான்" என்றார் அவர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாரங்கனுக்குப் போட்டார். உடனே தளவாயும் சபையோரும் யோசனை தங்களுடையதுதான் என்று ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ராஜா காதைப் பொத்திக்கொண்டு கூடையைக் காட்டினார். எதிலும் அதிகமாக எடுத்தே பழகிய தளவாய் இரண்டு கையாலும் அள்ளினார். அவர் கை காலியானபோது ராஜா சாப்பிட்டு எழுந்து போயிருந்தார். முரசு அடிப்பவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.