கூறைப்பட்டைத் தேடிய வீடு

காக்கையின் கருப்பு இன்னும் சரியாகக் காயாத காலம் அது. தொட்டால் விரலில் ஒட்டும். அந்தக் காலத்தில் கடலோரமாய் ஆழிமங்கலம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் நன்னியப்பர் என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார்.

அவர் வீட்டில் ஒன்பது அறைகள். சோறு வடித்தால் பன்னிரண்டு பேருக்கு வடிக்க வேண்டும். ஆனால், “உங்கள் வீட்டில் எத்தனை பேர்?” என்று யாராவது கேட்டால், நன்னியப்பர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

“ம்க்கும். பதினோரு பேர்.”

பன்னிரண்டாவது ஆள் அவருடைய தங்கை உண்ணாமலை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வெள்ளைச் சேலை கட்டியிருப்பாள். அடுப்படிக்குப் பின்னால், விறகு அடுக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்ன அறை. ஆளை எண்ணும்போது அவள் விட்டுப்போவாள். வேலையைப் பங்கு வைக்கும்போது ஒருநாளும் விட்டுப்போக மாட்டாள்.

நன்னியப்பருக்கு ஒரே மகள், மெய்யம்மை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

கேளுங்கள், அந்த ஊரில் இரண்டு வழக்கங்கள் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் முன்னதாகவே சிவப்புக் கூறைப்பட்டைப் பெண் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள், விளக்கு வைக்கும் நேரத்தில், மாப்பிள்ளையின் தாய் வந்து அந்தப் பட்டை மடியில் விரித்து நான்கு முனையிலும் மஞ்சள் வைப்பாள். பட்டு இருந்தால் கல்யாணம் உண்டு. பட்டு இல்லையென்றால், வந்த வண்டி வந்த வழியே திரும்பிவிடும். பேச்சே கிடையாது.

இரண்டாவது வழக்கம், கைம்பெண் அந்தப் பட்டைத் தொடக் கூடாது. தாலி ஏறும் வரை அவள் அறைப் பக்கம்கூட யாரும் போகக் கூடாது.

இப்படியாக, கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் மெய்யம்மையின் தாய் சிகப்பி மரப்பெட்டியைத் திறந்தாள். பட்டைக் காணோம்.

“ஐயோ! ஐயோ! ஐயையோ!” என்றாள். மூன்றாவது ஐயையோவுக்குத் தொழுவத்தில் கட்டியிருந்த மாடு எழுந்து நின்றுவிட்டது.

முதலில் சிகப்பி தேடினாள். பெட்டியில் இருந்த துணியையெல்லாம் வாரி வெளியே போட்டாள். நன்னியப்பரின் பட்டு மேல்துண்டு ஒன்று தண்ணீர்க் கறையும் பூஞ்சையுமாய் வந்தது. “இதை எவ நனைச்சா?” என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அறைக்கு ஓடினாள். நெற்குதிருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ஊறுகாய்ச் சாடிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முறுக்குச் சட்டிகளைக் கவிழ்த்தாள். முறுக்குதான் விழுந்தது.

“அண்ணி,” என்று அடுப்படி வாசலில் இருந்து மெல்லக் கூப்பிட்டாள் உண்ணாமலை. “அந்தப் பட்டு...”

“நல்ல காரியம் நடக்கிற நேரத்துல எதிர்ல வராதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? போ, போய்ப் பருப்பைப் பாரு.”

உண்ணாமலை போய்ப் பருப்பைப் பார்த்தாள். பருப்பு நன்றாகத்தான் வெந்துகொண்டிருந்தது.

இரண்டாவதாக நன்னியப்பர் தேடினார். அவர் தேடுவது எப்படியென்றால், நடு முற்றத்தில் நின்றுகொண்டு, “ம்க்கும். அங்கே பார். ம்க்கும். இங்கே பார்” என்பது. அங்கே பார்த்தார்கள். இங்கே பார்த்தார்கள். மிளகு மூட்டைகளைப் பிரித்தார்கள். வீடு முழுக்கத் தும்மியது. தும்மித் தும்மிக் கண் சிவந்து, காலை நீட்டி அவரவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

மோர்ச் செம்போடு வந்த உண்ணாமலை, “அண்ணே, ஒரு விஷயம்...” என்றாள்.

“ம்க்கும். விஷயமெல்லாம் அப்புறம். மோருக்கு உப்புப் போட்டியா?”

“போட்டேன் அண்ணே.”

“அது போதும். போ.”

மூன்றாவதாகச் சிகப்பியின் அண்ணன் வயிரவன் தேடினார். வயிரவனுக்குத் தேடுவதில் நம்பிக்கை இல்லை, கண்டுபிடிப்பதில்தான் நம்பிக்கை. அதனால் ஒரு குறிகாரரைக் கூட்டி வந்தார். குறிகாரர் கண்ணை மூடி, உடம்பை ஆட்டி, மூக்கால் பாடினார்.

“தெற்கே இருக்குதுங்கோ, தெற்கே இல்லாட்டி வடக்கே இருக்குதுங்கோ, உசரமா இருக்குதுங்கோ, உசரத்துல இல்லாட்டி தணிவா இருக்குதுங்கோ!”

“பார்த்தீங்களா மச்சான், எவ்வளவு துல்லியம்!” என்றார் வயிரவன்.

தெற்கே தேடினார்கள். வடக்கே தேடினார்கள். பரணில் ஏறினார்கள். கட்டிலுக்கடியில் தவழ்ந்தார்கள். எட்டு அறைகளையும் மூன்று முறை புரட்டினார்கள். ஒன்பதாவது அறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. போகக் கூடாதல்லவா?

உண்ணாமலை கூடத்து ஓரத்தில் வந்து நின்றாள். குறிகாரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். “வெள்ளைச் சேலை நிழல் விழுதுங்கோ, குறி கலையுதுங்கோ!” என்றார். வயிரவன் கையை வீசினார், ஈயை ஓட்டுவதுபோல. உண்ணாமலை உள்ளே போனாள்.

இப்போது கொஞ்சம் காதைக் கொண்டு வாருங்கள். அந்த வீட்டாருக்குத் தெரியாததை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

பத்து நாள் முன்பு பெரிய மழை பெய்தது. அன்று வீட்டார் எல்லோரும் உறவுக்காரர்களை அழைக்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்கள். உண்ணாமலை மட்டும் வீட்டில் இருந்தாள். ஓடு விலகி, நீர் சொட்டுச் சொட்டாக அந்த மரப்பெட்டி மேல் விழுந்தது. பெட்டியை நகர்த்தப் பார்த்தாள், நகரவில்லை. பாத்திரம் வைத்தாள், நிரம்பி வழிந்தது. மூடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குவதைக் கண்டதும், வழக்கத்தை ஒரு கண்ணால் பார்த்தாள், பட்டை ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து பட்டை எடுத்துத் தன் வெள்ளைச் சேலை ஒன்றில் சுற்றி, தன் அறைக்குக் கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டில் ஒழுகாத அறை அது ஒன்றுதான்.

மழை விட்டதும் திருப்பி வைத்துவிடலாம் என்றிருந்தாள். ஆனால் மறுநாள் காலையிலேயே பலகாரம் சுடும் பெண்கள் பெட்டி இருந்த அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் போனபோது சிகப்பி பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அண்ணியின் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தாள் உண்ணாமலை. அந்தக் காதுதான் கிடைக்கவில்லை. ஊரறியச் சொன்னாலோ, கைம்பெண் தொட்ட பட்டு என்று மாப்பிள்ளை வீட்டார் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். மெய்யம்மையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். எப்படிச் சொல்வாள்?

சரி, கதைக்கு வருவோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தேடித் தேடி எல்லோருக்கும் கால் ஓய்ந்துவிட்டது, கை ஓய்ந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. பொருள் கிடைக்காதபோது களைத்துப்போனவர்கள் என்ன தேடுவார்கள்? ஆளைத் தேடுவார்கள்.

“வெளி ஆள் யார் யார் வந்தது?” என்றார் வயிரவன்.

அரிசி குத்த வருகிற காத்தாயி உலக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாக் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது.

“நானா? பட்டை எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்? கட்டிக்கிட்டு உரல்ல குத்தவா?” என்றாள் காத்தாயி.

“வாயைப் பாரு! மச்சான், இவளை ஊர்க்காவலன்கிட்ட ஒப்படைங்க. கொதிக்கிற எண்ணெயில கையை விடச் சொல்லட்டும். உண்மை தானா வரும்.”

“ம்க்கும். அப்படியே செய்வோம்” என்றார் நன்னியப்பர்.

காத்தாயி உலக்கையைக் கீழே போட்டாள். அதுவரை துடுக்காகப் பேசிய குரல் சின்னதாகிப் போனது. “ஐயா, இந்தக் கையை வச்சுத்தான் ஐயா நான் கஞ்சி குடிக்கிறேன்.”

அப்போது கூடத்தின் நடுவே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. உண்ணாமலை வந்தாள். அவள் கையில் வெள்ளைத் துணி மூட்டை. அதைப் பிரித்தாள். சிவப்புப் பட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு கறை இல்லாமல் இருந்தது.

“அந்த மேல்துண்டு நனைஞ்சு கெட்டுப்போச்சே, அதே மழைதான்” என்றாள். “நான்தான் எடுத்து வச்சேன். காத்தாயியை விடுங்க.”

பட்டு கிடைத்ததென்று ஒருவரும் மகிழவில்லை.

“தொட்டுட்டாளே!” என்றாள் சிகப்பி. “பத்து நாளா இவகிட்டயே இருந்திருக்கே! சம்பந்தி அம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்?”

“எதுக்குக் காதுல விழணும்?” என்று வயிரவன் குரலைத் தாழ்த்தினார். “மஞ்சத் தண்ணி தெளிச்சுப் பெட்டியில வை. காத்தாயிதான் எடுத்தா, நாம மிரட்டினதும் கொடுத்துட்டாள்னு சொல்லிக்கலாம். பட்டும் கிடைச்ச மாதிரி, பழியும் நமக்கு வராத மாதிரி.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் மாட்டு மணி கேட்டது. மாப்பிள்ளையின் தாய் வேலம்மை வந்துவிட்டாள்.

வேலம்மை பட்டு நெய்விக்கும் குடும்பத்துக்காரி. மூன்று நாள் வண்டியில் ஆடி ஆடி வந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். உள்ளே வந்தவள், கொட்டிக் கிடந்த நெல்லையும் சிதறிக் கிடந்த முறுக்கையும் பார்த்தாள். ஒரு முறை தும்மினாள்.

“என்ன சம்பந்தி, வீட்டுக்குள்ள யானை கீனை வந்துச்சா?”

“ஒண்ணுமில்லீங்க,” என்று சிகப்பி பட்டை நீட்டினாள். “வீட்டைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தோம். பட்டு பெட்டியிலயே பத்திரமா...”

“இல்லை,” என்றது ஒரு குரல்.

மெய்யம்மைதான். காலையில் இருந்து மணைப்பலகையில் உட்காரவைத்து, அசையாதே, பேசாதே என்று சொல்லப்பட்டிருந்த மணப்பெண். சிகப்பி அவள் முழங்கையைக் கிள்ளினாள். மெய்யம்மை கையை இழுத்துக்கொண்டாள்.

“பெட்டியில இருந்திருந்தா நனைஞ்சு போயிருக்கும். எங்க அத்தைதான் எடுத்து, பத்து நாளா தன் அறையில காப்பாத்தி வச்சாங்க. காத்தாயி எடுக்கலை. நீங்க வண்டியைத் திருப்பணும்னா திருப்பிக்கங்க. ஒருத்தி கையைக் கொதிக்கிற எண்ணெயில விட்டுட்டு, எனக்கு அந்தப் பட்டைக் கட்டத் தெம்பு இல்லை.”

நன்னியப்பருக்குச் செருமக்கூட மறந்துவிட்டது.

வேலம்மை பட்டை வாங்கி மடியில் விரித்தாள். முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிப் பார்த்தாள். நெசவு தெரிந்தவள் பார்க்கும் பார்வை அது. பிறகு உண்ணாமலையை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் கேளுங்க,” என்றாள் சிகப்பியிடம். “எங்க ஊர்ல பட்டு நூல் சுத்துறது யாரு தெரியுமா? கைம்பெண்கள்தான். வீட்டோட உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னு அவங்களுக்குக் கொடுத்திருக்கோம். இந்த நூலைச் சுத்தினவ ஒருத்தி. சாயத்துல தோய்ச்சவ ஒருத்தி. தறிப் பாவுல அறுந்த இழையையெல்லாம் முடிஞ்சு கொடுத்தவ ஒருத்தி. மூணு பேரும் வெள்ளைச் சேலைதான். இவங்க நாலாவது ஆளு. இப்ப வண்டியைத் திருப்பணும்னா, நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து உடுத்தின பட்டையெல்லாம் அவுத்துப் போட்டுட்டுத்தான் திருப்பணும். அது நல்லாவா இருக்கும்?”

சிகப்பி மஞ்சள் கிண்ணத்தை எடுக்க உள்ளே ஓடினாள்.

மஞ்சள் கிண்ணம் வந்தது. வேலம்மை மூன்று முனையில் மஞ்சள் வைத்தாள். நான்காவது முனையை உண்ணாமலை பக்கம் நீட்டினாள். உண்ணாமலை அண்ணனைப் பார்த்தாள். நன்னியப்பர் தலையைக் குனிந்துகொண்டார். மெய்யம்மையைப் பார்த்தாள். மெய்யம்மை தலையை ஆட்டினாள்.

உண்ணாமலை விரலை மஞ்சளில் தொட்டு நான்காவது முனையில் வைத்தாள்.

காத்தாயி உலக்கையை எடுத்து மூலையில் சாத்தினாள். “ஐயா, நாளையிலேருந்து அரிசி குத்த வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, ஒருவரையும் திரும்பிப் பாராமல் வெளியே நடந்தாள். நன்னியப்பர் செருப்பைக்கூட மாட்டாமல், “காத்தாயி, கொஞ்சம் நில்லம்மா” என்று பின்னாலேயே தெருவில் ஓடினார். அவள் நிற்கவில்லை.

உள்ளே உண்ணாமலை, “அண்ணி, பருப்பை இறக்கணும்,” என்று சொல்லி எழப் பார்த்தாள். முடியவில்லை. “கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்துக்கட்டுமா?” என்று கேட்டாள்.

கூடத்தின் நடுத்தூணில் சாய்ந்தவள், விளக்கு ஏற்றுவதற்குள் தூங்கிப்போனாள். விரலில் மஞ்சள் இருந்தது. அவளை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. சிகப்பி போய்ப் பருப்பை இறக்கினாள். அன்று இரவு சோறு வடித்ததும், வீட்டார் பன்னிரண்டு பேருக்கும் இலை போட்டதும் அவளேதான்.

ஆகையால் கேட்பவர்களே, வீட்டில் ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள், எத்தனை முறை தேடினாலும் முழு வீட்டையும் தேடியவர்கள் ஆக மாட்டார்கள்.