எட்டு பிட்டில் பதிவான வசவு

ஒலிப்பதிவுக் கூடத்து முதலாளி சேதுராயர் பெரிய கஞ்சர். "விநாடிக்கு எட்டாயிரம் சாம்பிள், எட்டு பிட் போதும். ஃபைல் குட்டியா இருக்கணும்!" என்பார். "பதினாறு பிட்டாவது வேணும் சார், பதிவோட தரம் இவ்வளவு குறைஞ்சா குரல் செத்துப்போகும்" என்று பதிவாளர் கயல்விழி கெஞ்சியும் கேட்கவில்லை.

தெம்மாங்கு பாட வந்த வெள்ளைத்தாயின் பாட்டு, பதிவைப் போட்டுக் கேட்டபோது ஒரே கரகரப்பாக வந்தது.

"இதெல்லாம் ஒரு தொண்டையா? வெளியே போம்மா!" என்று கத்தித் தீர்த்தார் ராயர். வெள்ளைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கயல்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு பதிவை ஓடவிட்டாள்.

"யாரிவன், தகரத்தைத் தேய்க்கிறான்? இவனையும் வெளியே தள்ளு!"

"நீங்க இப்ப அந்தம்மாவைத் திட்டினதுதான் சார், மைக் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அதே எட்டு பிட்டுல. நான் தள்ளணுமா, நீங்களே போயிடுறீங்களா?"