இலை எடுக்க வந்தவன்

கழுதைப்புலியின் தலையைக் கூடையில் வைத்து மலைமேல் கொண்டு வந்தான் தாண்டவன். ஊரை அச்சுறுத்திய மிருகத்தைக் கொன்றால் தலையை அங்கே வாழும் துறவியான சாமியின் குடிலில் சேர்க்க வேண்டும். அன்று ராத்திரி ஊரில் ஒருவரும் கதவைத் தாழிடக் கூடாது. பிள்ளைகளைத் தெருவில் பாய் விரித்துப் படுக்கவைக்க வேண்டும். பயத்தைக் கழிப்பதற்கு அவர்கள் வைத்திருந்த வழக்கம் அது. ஆடு மேய்க்கப் போன மாடக்கண்ணு பிணமாகக் கிடைத்ததிலிருந்து ஊரில் யாரும் கண் மூடவில்லை. இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

தாண்டவன் சாமியின் சீடன். தலை நரைத்த பிறகு துறவுக்கு வந்தவன். கழுதைப்புலியின் குகையை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது அவன்தான். துறவுக்கு வந்தாலும் பெருமை போய்விடுகிறதா என்ன? அது அவன் நடையிலேயே தெரிந்தது.

“சாமி, சனியன் ஒழிஞ்சுது.”

சாமி கூடையிலிருந்த தலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இதுதான் கொன்னுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“பிணத்துக்குப் பக்கத்துல நின்னு கால் எலும்பை மொறுக்கு மொறுக்குன்னு கடிச்சுக்கிட்டு இருந்துது. என் ரெண்டு கண்ணால பாத்தேன் சாமி.”

“வாய்க்குள்ள விரலை விடு.”

செத்த வாய்தான். ஆனாலும் தாண்டவன் பார்த்துப் பார்த்துத்தான் விரலை விட்டான்.

“என்ன இருக்கு?”

“கன்னத்துப் பல்லு அம்மிக் கொழவி மாதிரி தடிச்சுக் கிடக்கு. கோரைப்பல்லு தேஞ்சு மொட்டையாயிருக்கு. வயசான மிருகம் சாமி.”

“எலும்பு நொறுக்குற வாய். மாடக்கண்ணுவைக் குளிப்பாட்டினது நீதானே? கழுத்து எப்படி இருந்துது?”

தாண்டவன் விரலை வெளியே எடுத்தான்.

“ஓட்டை சாமி. சின்னச் சின்னதா. ரொம்ப ஆழம்.”

“தொடைச் சதை?”

“அரிவாள்மணையில அரிஞ்ச மாதிரி...”

அவன் மறுபடி அந்த வாய்க்குள் குனிந்து பார்த்தான். இந்த மொட்டைப் பல் அந்த ஓட்டையைப் போட்டிருக்காது. இந்தக் குழவிப் பல் அந்தச் சதையை அரிந்திருக்காது.

“சிறுத்தையா சாமி?”

சாமி தலையசைத்தார்.

“அப்ப நாங்க கொன்னது?”

“பந்தி முடிஞ்சு இலை எடுக்க வந்தவனை.”

கீழே ஊரில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரம். தாண்டவனின் தங்கை இந்நேரம் பிள்ளைகளுக்குத் தெருவில் பாய் விரித்திருப்பாள். அவள் தயங்கத்தான் செய்தாள். ‘நான் இருக்கேன், பயப்படாதே’ என்று அவன்தான் அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அவன் வாசலுக்கு வந்து நின்றான். பாதை புதருக்குள் இறங்கி மறைந்தது. மாடக்கண்ணு கிடந்ததும் அந்தப் பாதையோரத்தில்தான். அதைத் தாண்டிப் போனாலும், ஆடிக்கொண்டிருக்கிற கூட்டத்தின் நடுவில் நின்று, நான் காட்டியது தப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கால் மட்டும் நகரவில்லை.

“விடிஞ்சதும் போய்ச் சொல்லிடுறேன் சாமி. இருட்டப் போகுது. வழியில அது இருந்துதுன்னா?”

சாமி பந்தத்தைக் கொளுத்தி அவன் கையில் கொடுத்தார்.

“இருந்தா நல்லது,” என்றார். “இன்னும் ஊருக்குள்ள போகலைன்னு அர்த்தம்.”