நத்தை முந்திப் போன டிராக்டர்

ஏனுங்க, ஒரு நத்தை டிராக்டரை முந்திக்கிட்டுப் போனதைப் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். நேத்து, எங்க தோட்டத்துல. டிராக்டரை ஓட்டுனதும் நான்தான்.

இதை இன்னிக்குக் காலையில ஊசி போடுற இடத்துல சொன்னேன். புதன்கிழமை இல்லீங்களா, நர்ஸம்மா வர்ற நாள். அவங்க இன்னும் வரல. ஆறேழு பேரு மடியில குழந்தையோட பெஞ்சுல உக்காந்திருந்தோம். குழந்தைங்க அழ ஆரம்பிக்கறதுக்குள்ள நாம ஏதாவது பேசிக்கணுமே.

"கோகிலா, ஆரம்பிச்சுட்டியா?"ன்னா தேன்மொழி. மழை பெய்யுதுன்னு நான் சொன்னாக்கூட கையை வெளிய நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவா.

பெஞ்சு ஓரத்துல ரங்கநாயகி அக்கா, பையன் கால்ல ஒட்டியிருந்த சேத்தை நகத்தால சுரண்டிக்கிட்டு இருந்தாங்க. எங்க பக்கத்துத் தோட்டக்காரங்க. கூட்டுக் கிணத்துல எட்டுப் பங்கு. காலையில ஆறு மணியில இருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஒரு முறை, ஆளுக்கு ஒரு நாள். நேத்து அக்கா முறை. நாளைக்கு எங்க முறை.

அங்கதாங்க சிக்கலே. நட்டு இருபது நாளான தென்னம்புள்ளை அறுபது நிக்குது எங்க தோட்டத்துல. குடத்துல ஊத்தியே என் இடுப்பு போச்சு. நாளைக்குள்ள பள்ளம் வெட்டி பைப்பைப் புதைக்கலேன்னா, அடுத்த முறைக்கு இன்னும் எட்டு நாள். அறுபதும் காஞ்சு கருவாடாயிரும்.

எங்க வீட்டுக்காரரு பழைய இரும்புக் கடையில இருந்து பள்ளம் வெட்டுற மெஷினு ஒண்ணைக் கொண்டாந்து போட்டாரு. நீளமா ஒரு கை, அதைச் சுத்திப் பெரிய சங்கிலி, சங்கிலி பூரா பல்லு. "சாயங்காலம் நான் வந்து மாட்டிக்கறேன். சுண்ணாம்புக் கோடு போடாம, அடியில யாரு பைப்பு போகுதுன்னு கேக்காம, நீ மண்ணுல கை வெச்சுராத"ன்னு சொல்லிட்டுக் கயித்து மில்லுக்கு வேலைக்குப் போயிட்டாரு.

அவரு வர்ற வரைக்கும் நான் விரல் சூப்பிக்கிட்டு உக்காந்திருப்பனா?

எங்க குட்டி டிராக்டருக்கு என்னை விட வயசு கூட. மெஷினை மாட்டுற ஓட்டை தேஞ்சு தேஞ்சு தோசைக்கல்லு அகலம் ஆயிருச்சு. எந்த ஆணியும் நிக்கல. மாமியாரோட இரும்பு உலக்கையை உள்ள விட்டு அடிச்சேன் ஒரு அடி. அந்தச் சத்தத்துல பொள்ளாச்சிச் சந்தையில இருந்த மாடெல்லாம் எந்திரிச்சு நின்னுருச்சு!

"சந்தையில மாடு நின்னுக்கிட்டுத்தானே இருக்கும்?"ன்னா தேன்மொழி.

"படுத்திருந்த மாட்டைச் சொல்றேன், கேளு."

மாட்டியாச்சு. பின்னாடி அத்தனை பாரம், டிராக்டரு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு ஆகாசத்தைப் பாக்குது. முன்னாடி ஆட்டாங்கல்லைக் கட்டினேன். பத்தல. "அத்தை, நீங்க கொஞ்சம் முன்னால உக்காருங்க"ன்னேன். உக்காந்தாங்க. இப்பப் பின்சக்கரம் ரெண்டும் மேல போயிருச்சு. அத்தை மூக்குத்தியை மட்டும் கழட்டினாங்க பாருங்க, வண்டி தராசு மாதிரி சமமா நின்னுச்சு.

"உங்க மாமியாகிட்டச் சொல்றேன் இரு"ன்னா தேன்மொழி.

"சொல்லு. அவங்களே இதைப் பெருமையா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க."

பள்ளம் வெட்டும்போது டிராக்டரு ரொம்ப மெதுவாப் போகணும், இல்லேன்னா சங்கிலி அறுந்துரும். எங்க வண்டிக்கு முதல் கியருலயே ஓட்டம். என்ன பண்றது? இஞ்சினுகிட்டக் குனிஞ்சு, மகளுக்குப் பாடற தாலாட்டைப் பாடினேன். வண்டி பாதிக் கண்ணை மூடிருச்சு. அப்பப் போச்சு பாருங்க! ஓடற சக்கரத்துல சிலந்தி வலை கட்டுச்சு. அப்பத்தான் அந்த நத்தை பின்னால வந்து, கொம்பை ரெண்டு தடவை ஆட்டி வழி கேட்டுச்சு. ஓரங்கட்டி விட்டேன். முந்திப் போனதும் திரும்பி என்னைப் பாத்துச்சே ஒரு பார்வை!

ஆரம்பிக்கும்போது எம் பொண்ணுக்குப் பல்லே இல்ல. வேலி முனைக்குப் போயிச் சேரும்போது நாலு பல்லு முளைச்சுக் கரும்பு கேக்கறா.

தேன்மொழி எம் பொண்ணு வாயில விரலை விட்டுத் தடவினா. "ஒண்ணுதான் இருக்குது."

"மீதி மெதுவா வருது. டிராக்டரு மாதிரி."

"கோடாவது போட்டியா?"

"கோடா? என் கண்ணே கோடு! அந்தப் பள்ளத்துல இந்த முனையில நின்னு ஊதினா அந்த முனையில விளக்கு அணையும், அத்தனை நேர். வெட்டின மண்ணு பறந்து போயி ஆனைமலைப் பக்கம் புதுசா ஒரு மலைக்கரடு எந்திரிச்சிருக்குது. அதுல ஆடு கூட மேய்க்கறாங்களாம்."

ரங்கநாயகி அக்கா அப்பவும் சேத்தைச் சுரண்டிக்கிட்டே இருந்தாங்க.

இனிமேத்தான் விசயமே. மத்தியானம் சங்கிலி எதுலயோ மோதி 'டப்'புனு ஒரு சத்தம். கிளம்புச்சு பாருங்க ஊத்து! தென்னை உசரம்! மேல போன தண்ணியைப் பாத்து மேகமே வந்து, "எனக்கு ஒரு குடம் குடு"ன்னு கேட்டுச்சு. வானவில்லு ஒண்ணு வந்துச்சு, அதுல குழந்தை துணி காயப்போடலாம், அவ்வளவு தாழ்வா. தண்ணி நேராப் பள்ளத்துல எறங்கி ஓடி, அறுபது தென்னம்புள்ளைக்கும் வயிறு நெறைய ஊட்டிருச்சு. காலையில போய்ப் பாத்தா அறுபதும் ஒரு முழம் வளந்து நிக்குது, ஓரத்துல ஒண்ணு பாளையே விட்டிருக்குது. நாளைக்குக் கிணத்து முறையே எனக்கு வேண்டாம், போங்க!

பெஞ்சே சிரிச்சுது. தேன்மொழி மட்டும், "இப்பவும் வருதா அந்த ஊத்து?"ன்னா.

"அதுதான்டி அதிசயம். சாயங்காலம் ஆறு மணிக்கு டக்குனு நின்னுருச்சு. அவ்வளவு ஒழுக்கமான ஊத்து."

ரங்கநாயகி அக்கா நிமிந்தாங்க.

"ஆறு மணிக்குத்தான் கோகிலா நான் மோட்டாரை நிறுத்தினேன்."

நான் எம் பொண்ணு சட்டைக்குப் பித்தான் போட ஆரம்பிச்சேன். அக்கா விடல.

"நேத்துக் காலையில கிணத்து மேட்டுல நின்னு நீ ஓட்டறதைப் பாத்தேன். மோட்டாரை நிறுத்திட்டு வாழையைப் போய்ப் பாத்தா, பாதிக்கு மேல தண்ணியே பாயல. இன்னிக்கு விடிஞ்சதும் இவனை இழுத்துக்கிட்டு வந்து உன் பள்ளத்துல எறங்கிப் பாத்தா, என் பைப்பு ரெண்டு துண்டாக் கெடக்குது. நேராத்தான் வெட்டியிருக்கற, அதுல குத்தம் சொல்ல முடியாது."

பெஞ்சு சிரிச்ச சிரிப்புல தூங்கின குழந்தையெல்லாம் முழிச்சு, ஊசி போடாமலே அழுக ஆரம்பிச்சுது.

அக்கா சிரிக்கல. "பைப்பை ஒட்டிக் குடுத்துரு. நாளைக்கு முறை உனக்கு வேண்டாம்னு இத்தனை பேருக்கு முன்னால நீயே சொல்லிட்ட. என் வாழைக்கு விட்டுரு"ன்னாங்க.

வேற என்ன பண்ண முடியும்? என் புள்ளைங்க அறுபதும் குடிச்சது அக்கா வாழையோட தண்ணியாச்சே.

"சரீங்க்கா. சாயங்காலமே ஒட்டிர்றேன். முறையும் நீங்களே எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்கதான் மேட்டுல நின்னு பாத்தீங்களே, இந்தத் தேன்மொழிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க்கா, அந்த நத்தை மட்டும் நெசம்னு."