புல்வெளியில் காய்ந்த வடகம்

தண்டபாணி முதலாளியின் செல்போன் தானே புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரைத் திறக்கும், பாய்ந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் சொல்லும்.

“தினம் ஐந்நூறு லிட்டர் பாயுது. அப்பவும் புல்லு கருகுதுன்னா உன் கைதான் சரியில்ல. வெள்ளிக்குள்ள பச்சையாகலேன்னா வேற வேலை பாத்துக்க” என்றார் தோட்டக்காரி பாவாத்தாளிடம்.

வெள்ளியன்று விருந்தாளிகளோடு வந்தார். புல்வெளி நடுவே வேட்டி விரித்து வடகம் காயப்போட்டிருந்தாள் அவள்.

“இந்த நிமிஷம் இங்க தண்ணி பாயுது. இதுல வடகமா?” என்று செல்போனைக் காட்டினார்.

“ரெண்டு நாளா இங்கதானுங்க காயுது.” ஒன்றை அவர் கையில் வைத்தாள். மொறுமொறுவென்று நொறுங்கியது.

பிறகு வெறுங்காலோடு மெல்ல நடந்து மதிலோரம் நின்றாள். “இங்க மண்ணு குளிருதுங்க.”

தோண்டினார்கள். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஆளுயரம் பீறிட்டது.

முதலாளி செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றினார்.