பூட்டைக் கேட்ட மைக்

உலகம் முழுவதும் செய்தி சொல்லும் ஒரு தொலைக்காட்சிக்குச் சென்னையில் ஒரு கிளை இருந்தது. அங்கே ஒரு மைக்கும் ஒரு கேமராவும் ஒரு எடிட்டிங் மெஷினும் வேலை பார்த்தன. கடல் கடந்து இருக்கும் தலைமை அலுவலகம் கேட்பதை அனுப்புவதுதான் அவற்றின் வேலை. நிருபர் தமயந்திக்கும் அதேதான்.

ஒருநாள் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், இறால் உரிக்கும் கம்பெனியில் அம்மோனியா கசிந்து ஒன்பது பெண்கள் செத்துப்போனார்கள். தமயந்தி மைக்கையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

செத்தவர்களில் ஒருத்தி பிரிஸ்கா. அவளுடைய அக்கா ஜெபசீலி மைக்கின் முன்னால் நின்று பதினோரு நிமிடம் பேசினாள். அழாமல் பேசினாள்.

"விபத்துன்னு சொல்லாதீங்க, தங்கச்சி. வேலை முடியுமுன்ன யாரும் வெளிய போயிரக் கூடாதுன்னு கதவ வெளிப்பக்கமா பூட்டுவாவ. தெனமும் பூட்டுவாவ. கேஸு வந்தப்பவும் பூட்டிதான் கெடந்துச்சு. சாவி மானேஜர் பையில. எந் தங்கச்சி வெரல்ல நகமே இல்ல, தெரியுமா?"

கடைசியில் ஒரே ஒரு தரம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் சென்னைக்கு வந்தது. தலைமை அலுவலகம் சொன்னது: "இருபது விநாடி போதும். அழுவது மட்டும். அந்தக் கம்பெனி இறால் இங்கே கடைகளில் விற்கிறது. வக்கீல்கள் பார்க்கும்வரை பூட்டு வேண்டாம்."

எடிட்டிங் மெஷின் வெட்டியது.

"பூட்டு எங்கே?" என்று மைக் கத்தியது.

"வெட்டியாச்சு."

"சாவி?"

"அதுவும்தான். என்மேல் ஏன் பாய்கிறாய்? இருபது விநாடிக்குள் எதைத் திணிப்பது?"

"பதினோரு நிமிடத்தில் அவள் அழுதது நாலே விநாடி. அதைத் தேடிப் பிடித்து, மெதுவாக ஓட்டி, இருபதாக்கி வைத்திருக்கிறாய். அதற்கு மட்டும் இடம் இருந்ததா?"

மெஷின் அந்த இருபது விநாடியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது.

"அந்த முகத்துக்குக் கிட்டே போனது நான்தான்" என்றது கேமரா.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரலை வேண்டும் என்றது தலைமை அலுவலகம். தமயந்தியின் காதில் மாட்டியிருந்த கருவியில் உத்தரவு வந்தது: "எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்."

"அக்கா, இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" கேட்கும்போதே தமயந்திக்கு வாய் கூசியது.

ஜெபசீலி அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"எப்படி இருக்கா? நேத்து உங்க டிவியில பாத்தேன். நான் அழுதுக்கிட்டே கெடக்கேன். செய்தி வாசிக்கிற எவளோ ஒருத்தி இங்கிலீசுல ஆக்சிடெண்டுங்கா. அந்தச் சொல்லு எனக்கும் தெரியும். அவ வந்து பாத்தாளா? பூட்டுனாவன்னு சொன்னேனே, அத எங்க கொண்டு போட்டீங்க? கதவப் பூட்டுனாவ! சாவிய பையில வச்சுக்கிட்டு நின்னாவ!"

"அணை! மைக்கை அணை!" என்று தமயந்தியின் காதுக்குள் கூச்சல்.

மைக்கின் பொத்தான் தமயந்தியின் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. "அணைக்கப் போகிறாயா?" என்று மைக் கேட்டது.

தமயந்தி காதிலிருந்த கருவியைப் பிடுங்கி மணலில் எறிந்தாள். "நீ கேள்" என்றாள் மைக்கிடம். "கடைசிவரை கேள்."

கேமரா ஜெபசீலியின் கண்ணீரைத் தேடவில்லை. பின்னால் வரிசையாக நின்ற ஒன்பது பெட்டிகளையும் சேர்த்துக் காட்டியது.

முப்பத்தெட்டு விநாடிக்குப் பிறகு தலைமை அலுவலகம் திரையை மாற்றியது. அதற்குள் பூட்டு உலகம் முழுக்கப் போய்விட்டது. அதுவரை கம்பெனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத போலீஸ், அன்று மாலையே மானேஜரைத் தேடி வந்தது.

அடுத்த வாரம் தமயந்தியின் வேலை போயிற்று. மைக்கை அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார்கள். போடுவதற்கு முன் அதன் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டினார்கள். பழுது என்ன என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது:

"தேவையில்லாத சத்தத்தையும் பிடிக்கிறது."