தொப்பி பின்னிய தூக்கணாங்குருவி

ஒரு காட்டில், ஆற்றோரப் பனைமரத்தில் ஆண் தூக்கணாங்குருவி ஒன்று கூடு பின்னத் தொடங்கியது. பாதி பின்னியதும் பெண்குருவியை அழைத்துக் காட்டிச் சம்மதம் வாங்குவது அந்தக் குலத்தின் வழக்கம். ஆனால் அதற்கு முன்பே நரி வந்து நின்றது.

"அடடா! இதைக் கவிழ்த்தால் அருமையான தொப்பி! அக்கரை நாரைகள் வெயிலில் மண்டை காய்கின்றன. கூட்டின் வாயை அகலமாக வை. காற்றில் ஆடாமலிருக்க உள்ளே களிமண் பூசுவாயே, அது வேண்டாம், கனக்கும். கூடை கூடையாக நெல் கிடைக்கும்!"

ஆண்குருவி கூட்டை விட்டுவிட்டுத் தொப்பி பின்ன உட்கார்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. வெட்டியாகத் திரிந்த குரங்குக்குப் புல் கிழிக்கும் வேலை கிடைத்தது. ஆமை தொப்பிகளை முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்தது. குரங்கு வாழ்நாளில் முதல்முறையாக, "எனக்கு நேரமில்லை" என்று சொன்னது. காடே சிரித்தது.

"என்னங்க, நம் கூடு?" என்று கேட்டது பெண்குருவி.

"இந்த ஆர்டர் முடியட்டும்!"

"முட்டையிடும் நாள் நெருங்குகிறதே!"

"நாரைகள் அவசரப்படுகின்றன. நீ கொஞ்சம் பொறு!"

முட்டை பொறுக்குமா, குழந்தைகளே? அதற்குள் வானம் கறுத்தது. கொண்டுபோன தொப்பிகளை ஆமை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது.

"வேண்டாமாம். மழைக்காலத்தில் வெயில் தொப்பி எதற்கு என்கிறார்கள்."

"ஐயோ, என் வேலை!" என்று அலறியது குரங்கு. "நான் வெறும் தரகன்" என்று நழுவியது நரி.

ஆண்குருவி ஒரு தொப்பியைக் கிளையில் மாட்டி, "இதோ நம் கூடு!" என்று சமாளித்தது. காற்று ஒரு வீசு வீசியது. கூடு தலைகீழாகக் கவிழ்ந்தது.

"நாரைத் தலைக்கெல்லாம் அளவெடுத்தீர்கள். என் முட்டைக்கு எப்போது அளவெடுப்பீர்கள்?" என்று அழுதது பெண்குருவி.

ஆண்குருவிக்கு வெட்கமாகிவிட்டது. புதுப்புல் தேடினால் கரையே மொட்டையாகக் கிடந்தது. எல்லாம் தொப்பியாகிவிட்டதே! குரங்கு தொப்பிகளைப் பிரித்து நார் கொடுத்தது. ஆமை களிமண் சுமந்து வந்தது. பாதி பின்னியதும் பெண்குருவி மூலைமுடுக்கெல்லாம் சோதித்து, "வாயைக் குறுக்குங்கள்" என்றது. ஆண்குருவி மறுபேச்சில்லாமல் குறுக்கியது.

முதல் தூறல் விழுந்தபோது முட்டை பத்திரமாகக் கூட்டுக்குள் இருந்தது.

கீழே நரி மூன்று தொப்பிகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது.

நீதி: வெளியூர் வியாபாரம் வேலை கொடுக்கும், அதை மட்டுமே நம்பினால் வீடு நனையும்.